காசுக்கட்டி நிறம்: இருண்ட மண்நிறத்தை எதன் பக்கத்தில் வைப்பது?

பர்மாவில், யாங்கோனில் ஒரு தமிழ் வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகையின் மாதிரியை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். மேலட்டை கரும்பழுப்பு, அதன்மேல் வெளிர்ந்த எழுத்து. மணப்பெண்ணின் பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையைச் சன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். "என்ன தம்பி, காசுக்கட்டிக் கலர்ல பண்ணியிருக்கே?" என்றார். குறையாகச் சொன்னாரா, சும்மா சொன்னாரா என்று அப்போது எனக்குப் புரியவில்லை. ஆனால் அந்த நிறத்துக்கு அதைவிடப் பொருத்தமான பேர் கிடையாது என்று படியிறங்கும்போதே தோன்றிவிட்டது. வெற்றிலைக் கடைப் பலகையில் சுண்ணாம்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கிடக்கும் கட்டியின் நிறம் அது. சிவப்பு என்று சொல்ல முடியாது, கறுப்பு என்றும் சொல்ல முடியாது. சுண்ணாம்பு பக்கத்தில் இருப்பதால்தான் அது அவ்வளவு ஆழமாகத் தெரிகிறது.

இந்த நிறம் இப்போது எங்கும் இருக்கிறது. காப்பிக் கடைச் சுவரில், தேயிலைப் பொட்டலத்தில், சோப்பு டப்பாவில், கைப்பேசித் திரையில் என்று அடங்கிய, இருண்ட, மண் சாயல் கொண்ட பழுப்பைக் கேட்காத வாடிக்கையாளர் குறைவு. வந்து நின்றதும் "அழுக்கா இருக்கே" என்று முகம் சுளிப்பவரும் அதே வாடிக்கையாளர்தான். இரண்டுமே நியாயமான பேச்சு. ஏன் என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் பேர். தமிழில் இந்த நிறத்துக்கு ஒற்றைச் சொல் நிலைக்கவே இல்லை. பழுப்பு என்பது பழுத்த இலையின் மஞ்சளில் தொடங்கிய சொல். காவி, மண்ணிலிருந்து வந்தது. பட்டுப்புடவைக் கடையில் அரக்கு என்கிறோம். உடம்பின் நிறத்துக்கு வரும்போது மாநிறம் என்கிறோம். மாந்தளிரின் அந்தச் செம்புச் சாயலைப் பழைய பாட்டுகள் மாமை என்று கொண்டாடின. பர்மிய மொழியில் பழுப்புக்கு 'ஞோ' என்று பேர். மாநிறத்துக்கும் அதே சொல்தான், பெண்பிள்ளைகளுக்கு ஞோ ஞோ என்று ஆசையாகப் பேர் வைப்பதும் உண்டு. இரண்டு மொழிக்காரர்களுக்கும் இந்த நிறம் முதலில் மனித உடம்பில்தான் அழகாகத் தெரிந்திருக்கிறது. இங்கே பெண்கள் கன்னத்தில் தனாக்கா பூசுவதைப் பாருங்கள். அரைத்த மரப்பட்டையின் அந்த மெல்லிய மஞ்சள் மாநிறக் கன்னத்தில் விளக்கு மாதிரி எரிகிறது. இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போகும் வடிவமைப்பு விதி முழுவதும் அந்தக் கன்னத்திலேயே இருக்கிறது.

இன்னொரு சொல்லும் நம்மிடம் உண்டு. அதை நாம் மறந்துவிட்டோம் என்பது எனக்கு வருத்தம். துவர். துவர் என்றால் சுவை, துவர் என்றால் சிவந்த காவி நிறமும்தான். பௌத்தத் துறவிகளின் உடையைத் தேவாரம் துவராடை என்றே சொல்கிறது. வடமொழியிலும் இதே கதை. கஷாயம் என்ற சொல்லுக்குத் துவர்ப்பு என்றும் பொருள், காய்ச்சி வடித்த சாறு என்றும் பொருள், செம்பழுப்பு என்றும் பொருள். துறவியின் காஷாயமும் நாம் சளிக்குக் குடிக்கும் கஷாயமும் ஒரே வேரிலிருந்து வந்தவை. இதற்குக் காரணம் வேதியியலில் இருக்கிறது. மரப்பட்டையிலும், வைரம் என்று சொல்லும் மரத்தின் நடுக்கட்டையிலும் இருக்கும் டானின் என்ற பொருள்தான் நாக்கில் துவர்க்கிறது. அதுவேதான் துணியில் பழுப்பாக ஏறுகிறது. ஒரு பானையில் காய்ச்சினால் மருந்து, பெரிய அண்டாவில் காய்ச்சினால் சாயம்.

காசுக்கட்டி அப்படி வந்ததுதான். சித்த மருத்துவம் கருங்காலி என்று சொல்லும் மரத்தைப் பர்மியர் 'ஷா' என்கிறார்கள். அதன் வைரத்தைச் சிறு சிறு செதில்களாக வெட்டி, தண்ணீரில் மணிக்கணக்கில் கொதிக்கவைத்து, பாகு பதத்துக்குச் சுண்டவைத்து ஆறவிட்டால் கட்டியாகிவிடும். 19ஆம் நூற்றாண்டில் பர்மாவிலிருந்து இது கப்பல் கப்பலாகப் போனது. உலகச் சந்தையில் பெகு என்ற பர்மிய ஊரின் பேரையே முன்னால் போட்டு விற்றார்கள். மீன்வலைக்கும் பாய்மரத் துணிக்கும் இதைத்தான் ஏற்றினார்கள். டானின் ஏறிய நூல் உப்புத் தண்ணீரில் சீக்கிரம் மக்காது. செம்பு உப்பும் குரோமிய உப்பும் சேர்த்தால் நிறம் வெயிலுக்கும் வெளுக்காமல் நிற்கும். காக்கித் துணிக்கும் இது சாயமானது. காக்கி என்றால் தூசி என்று பொருள், 1840களில் வடமேற்கு இந்தியாவின் படைப்பிரிவு ஒன்று உடுத்தத் தொடங்கிய நிறம். ஆக, இன்று வடிவமைப்பு உலகம் புது நாகரிகம் என்று கொண்டாடும் இந்த நிறக்குடும்பம், ஒரு காலத்தில் பர்மா மரத்தை வேகவைத்து உலகத்துக்கு விற்ற சரக்கு.

சரி, இப்போது கண்ணுக்கு வருவோம். வானவில்லில் பழுப்பு கிடையாது. பழுப்பு என்பது இருண்ட ஆரஞ்சு, அவ்வளவுதான். ஆனால் ஆரஞ்சு வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே போனால் மட்டும் பழுப்பு வந்துவிடாது. இருட்டறையில் மங்கலான ஆரஞ்சு விளக்கை மட்டும் வைத்தால் அது மங்கலான ஆரஞ்சாகத்தான் தெரியும். அதைச் சுற்றி அதைவிட வெளிச்சமான ஒன்று இருந்தால்தான் கண் அதைப் பழுப்பு என்று ஒத்துக்கொள்ளும். கைப்பேசித் திரையில் நீங்களே செய்து பார்க்கலாம். இருட்டில், முழுக் கறுப்புப் பின்னணியில் ஒரு சிறு பழுப்புக் கட்டத்தை வைத்துப் பாருங்கள். பிறகு பின்னணியை வெள்ளையாக்குங்கள். கட்டத்தில் ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை, ஆனால் நிறம் மாறிவிட்டிருக்கும்.

சிவப்பைத் தனியாக வைத்தாலும் சிவப்புதான். பழுப்பு அப்படியில்லை, பக்கத்து வீட்டுக்காரனைப் பொறுத்தே அதன் குணம். இதனால்தான் பழுப்பை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு அதற்குத் துணை தேடுவது தலைகீழ் வேலை என்கிறேன். பக்கத்தில் எது நிற்கப்போகிறது, எந்த வெளிச்சம் விழப்போகிறது என்று முதலில் முடிவாகட்டும். அப்புறம் எந்தப் பழுப்பு என்று பார்க்கலாம்.

இந்தக் குடும்பத்திலேயே மிகக் கெட்ட பேர் வாங்கிய நிறத்துக்கு, நிறங்களுக்கு எண் கொடுத்து அட்டை வெளியிடும் பான்டோன் நிறுவனம் வைத்த எண் 448 சி. திரைக் கணக்கில் 255க்குச் சிவப்பு 74, பச்சை 65, நீலம் 42. ஆஸ்திரேலிய அரசு சிகரெட் பெட்டிகளிலிருந்து நிறுவன அடையாளங்களை நீக்கி எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கத் தீர்மானித்தபோது, யாருக்கும் எடுக்கத் தோன்றாத நிறம் எது என்று புகைப்பவர்களிடமே ஆய்வு செய்து தேர்ந்தெடுத்தது இது. 2012 டிசம்பரில் கடைகளுக்கு வந்தது. முதலில் இதை ஆலிவ் பச்சை என்று குறிப்பிட்டார்கள். எங்கள் காய்க்கு ஏன் கெட்ட பேர் என்று ஆலிவ் வளர்ப்போர் முறையிட்டதும், மங்கிய கரும்பழுப்பு என்று பேரை மாற்றிவிட்டார்கள். பிறகு வேறு சில நாடுகளும் இதே நிறத்தை எடுத்துக்கொண்டன. உலகிலேயே அசிங்கமான நிறம் என்று பத்திரிகைகள் எழுதின. ஆனால் அதே பான்டோன் 2025ஆம் ஆண்டின் நிறமாக அறிவித்ததும் ஒரு பழுப்புதான், மோக்கா மூஸ் என்ற காப்பிச் சாயல்.

இரண்டும் பழுப்பு. ஒன்று வெறுப்புக்கு, ஒன்று விருப்பத்துக்கு. நடுவில் என்ன வித்தியாசம்?

மோக்கா மூஸ் வெளிறியது, 448 இருண்டது என்பது ஒன்று. அதைவிடப் பெரிய வித்தியாசம் சாய்வில், அதாவது பழுப்பு எந்த நிறத்தின் பக்கம் சாய்கிறது என்பதில் இருக்கிறது. 448இன் எண்களை மறுபடி பாருங்கள். சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவே ஒன்பதுதான் இடைவெளி. அதாவது அது இருண்ட ஆரஞ்சு இல்லை, இருண்ட மஞ்சள். மஞ்சளை இருட்டாக்கினால் பச்சை எட்டிப்பார்க்கும். பாசி, பூஞ்சை, கெட்டுப்போன குழம்பு எல்லாம் அந்தப் பக்கம்தான். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்டீஃபன் பால்மரும் கேரன் ஷ்லாசும் 2010இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல விளக்கம். எந்தெந்தப் பொருள்களை ஒரு நிறம் நினைவுக்குக் கொண்டுவருகிறதோ, அந்தப் பொருள்களின்மேல் நமக்கிருக்கும் விருப்பு வெறுப்புதான் நிறத்தின்மேலும் படிகிறது என்பது அவர்கள் கருத்து. அவர்கள் கேட்டவர்களில் பலருக்குக் கீழ்மட்டத்தில் நின்றது அந்த இருண்ட மஞ்சள்தான்.

இதை நான் நம்புகிறேன். ஆனால் இதிலிருந்தே இன்னொன்றும் கிடைக்கிறது. நினைவுகள் ஊருக்கு ஊர் வேறு. தேக்குத் தூணில் சாய்ந்து வளர்ந்தவருக்கு, பாட்டியின் வெற்றிலைப் பெட்டியில் காசுக்கட்டி பார்த்தவருக்கு, விடியற்காலையில் துவராடைத் துறவிகள் பிச்சைப் பாத்திரத்துடன் வரிசையாகப் போவதைத் தினமும் பார்ப்பவருக்கு, செம்பழுப்பு அழுக்கில்லை. இங்கே தியானத்துக்குப் போகும் இல்லறத்தாரும் பழுப்பு உடுத்துகிறார்கள். அந்த நிறத்துக்கே யோகி நிறம் என்றுதான் பேர். அதனால் யாங்கோனில் இருந்துகொண்டு வெளிநாட்டு நிற அட்டையைப் பார்த்துப் பழுப்பைத் தேர்ந்தெடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நம் கையருகில் இருக்கும் பழுப்புகளைப் பார்த்தாலே போதும்.

சாய்வைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. இருண்டிருக்கும்போது எல்லாப் பழுப்பும் ஒரே மாதிரிதான் தெரியும். பெயின்ட் கடையில் டப்பாவைத் திறந்து பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. ஒரு துளி எடுத்து நிறைய வெள்ளையில் கலந்துவிடுங்கள். மறைந்திருந்தது வெளியே வரும். அம்பர் என்ற மண்நிறமியை எடுத்துக்கொண்டால், சுடாத அம்பர் வெள்ளையில் கலந்ததும் சாம்பலும் லேசான பச்சையுமாக விரியும். அதையே சுட்டெடுத்த அம்பர் என்றால் இளஞ்சிவப்பு எட்டிப்பார்க்கும். இரண்டும் ஒரே மண். இரும்பு ஆக்சைடும் மாங்கனீசு ஆக்சைடும் கலந்தது. சூட்டில் இரும்புச் சேர்மத்துக்குள் இருக்கும் தண்ணீர் போய்விடுவதால் சிவக்கிறது, செங்கல் சூளையில் களிமண் சிவப்பதைப் போல. மாங்கனீசு அதிகமானால் நிறம் இருளும். என் பழக்கத்தில் சாப்பாட்டுக்கும் கல்யாணத்துக்கும் சிவப்புச் சாய்வுள்ளதையே எடுப்பேன். சாம்பல் சாய்வுள்ளதைப் புத்தகத்துக்கும் அலுவலகத் தாளுக்கும் வைத்துக்கொள்வேன். மஞ்சள் சாய்வுள்ளதை உணவின் பக்கமே கொண்டுபோவதில்லை.

மாண்டலேயில் ஷ்வேநன்டோ மடாலயத்தைப் பார்க்காமல் இந்த நிறத்தைப் பற்றிப் பேசக்கூடாது என்று எனக்கு ஒரு எண்ணம். மின்டோன் மன்னரின் அரண்மனையில் ஒரு பகுதியாக இருந்த கட்டடம் அது. 1878இல் அவர் இறந்தபின் தீபோ மன்னர் அதைப் பிரித்தெடுத்து அரண்மனைக்கு வெளியே மடாலயமாக நிறுத்தினார். அரண்மனை 1945இல் எரிந்துபோனது, வெளியே போன இது பிழைத்தது. ஒரு காலத்தில் உள்ளும் புறமும் பொன் பூசியிருந்தார்கள். வெளியே மழையிலும் வெயிலிலும் பொன் போய்விட்டது. இப்போது நிற்பது வெறும் தேக்கு, கறுத்த பழுப்பு. உள்ளே நுழைந்தால் மங்கிய பொன் இன்னும் இருக்கிறது. இருண்ட மரத்தின் நடுவே அது பளிச்சிடுவதில்லை, ஊறி வருகிறது. இன்வாவில் 267 தேக்குத் தூண்களோடு நிற்கும் பகயா மடாலயத்திலோ பொன் இல்லை. அங்கே வாசல் வழியாக வரும் வெளிச்சம்தான் பொன்னுக்குப் பதில்.

பர்மாவின் மரக்கட்டடங்கள் இவ்வளவு இருண்டிருப்பதற்கு வயது மட்டும் காரணமில்லை. ஏனாஞ்சாவுங் பக்கம் கையால் தோண்டிய கிணறுகளில் இறைத்த கச்சா எண்ணெயைக் கரையானுக்கும் மழைக்கும் காப்பாக மரத்தில் பூசுவது நெடுங்கால வழக்கம். மண்ணெண்ணெய் என்று நாம் சொல்கிறோமே, அந்தச் சொல்லின் நேர்ப்பொருளே இதுதான். பூசப் பூச மரம் கறுத்தது. அழகுக்காக யாரும் இந்த நிறத்தைத் தேடிப் போகவில்லை, காப்பாற்றப் போனதில் கிடைத்தது.

அந்தத் தேக்கு நம் ஊருக்கும் வந்தது. காரைக்குடிப் பக்கத்துச் செட்டிநாட்டு வீடுகளில் பர்மாத் தேக்குத் தூண்கள் எப்படி நிற்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். பின்னால் முட்டையின் வெண்கரு சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவர், எதிரே வானம் திறந்த முற்றம். கரும்பழுப்புக்கு வெள்ளையும் வெயிலும் இரண்டு பக்கமும் காவல். அதே தூணை யாங்கோனில் ஒற்றைச் சன்னல் வைத்த அடுக்குமாடி வீட்டில் கொண்டுவந்து நிறுத்தினால் வீடு கிணறாகிவிடும். மே முதல் அக்டோபர் வரை இங்கே வானமே சாம்பல் நிறம். 448 மாதிரி ஒரு நிறம் தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கைத்தான் திருப்பித் தரும். நாலு சுவருக்கும் அதைப் பூசினால், மழைக்காலத்தில் பகலிலும் விளக்குப் போட வேண்டும். போடும் விளக்கு நீலம் கலந்த வெள்ளை எல்.இ.டி.யாக இருந்தால் சிவப்புச் சாய்வு செத்துப்போய்ப் பழுப்பு சாம்பலாகும். அதனால் வீட்டுக்கு ஒரு சுவர், அதுவும் சன்னலுக்கு எதிர்ச்சுவர். இல்லாவிட்டால் மழைச் சேறு தெறிக்கும் வெளிச்சுவரின் அடிப்பாகம், பழைய வீடுகளில் பூசியிருப்பார்களே, அதுபோல. தரைக்குப் பக்கத்தில் இருக்கும்போது இந்த நிறம் தன் வீட்டில் இருப்பதுபோல் இருக்கும்.

அச்சுக்கு வந்தால் இந்த நிறம் தொல்லை தரும். நானே பட்டிருக்கிறேன், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். வழக்கமான நாலு மை அச்சில் பழுப்பு என்று ஒரு மை கிடையாது. நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு நாலும் ஒன்றன்மேல் ஒன்று புள்ளிகளாக விழுந்துதான் பழுப்பாகிறது. இதில் நீலம் ஒரு இழை கூடினால் பச்சைப் பக்கம் ஓடும், இளஞ்சிவப்பு கூடினால் அரக்காகும். ஒரே கட்டில் முதல் தாளும் ஆயிரமாவது தாளும் ஒத்துப்போகாது. மெருகில்லாத தாள் என்றால் இன்னும் மோசம். தாள் மையைக் குடிப்பதால் புள்ளிகள் விரிந்து, 50 விழுக்காடு என்று நீங்கள் கொடுத்தது 70 வரைகூடப் போய் நிற்கும். திரையில் ஈரமண்ணாக இருந்தது கையில் வரும்போது கரியாக இருக்கும்.

சில வருடம் முன்பு ஒரு கோயில் விழா அழைப்பிதழ் அப்படித்தான் போனது. கரும்பழுப்புப் பின்னணி, அதில் தாளின் வெள்ளையே எழுத்தாகத் தெரியும்படி விட்டிருந்தேன். மேலே தமிழ், கீழே பர்மியம். அச்சகத்திலிருந்து வந்த கட்டைப் பிரித்தால், தலைப்பிலிருந்த அம்மனில் புள்ளியைக் காணோம். அமமன என்று இருந்தது. நாலு மையும் ஒரு மயிரிழை இடம் மாறி விழுந்ததில் மெய்யெழுத்துப் புள்ளிகள் எல்லாம் அடைத்துக்கொண்டன. ண, ஞ, ழ எல்லாவற்றின் சுழிகளும் தூர்ந்துபோயின. பர்மிய எழுத்து முழுக்க வட்டம், அதன் கதி இன்னும் பரிதாபம். அம்மன் பேரிலேயே புள்ளி போனதை விழாக்குழுப் பெரியவர் விரலை வைத்துக் காட்டியபோது எனக்குப் பேச வாய் வரவில்லை. அச்சகம் கவனமாக இருந்திருக்கலாம். ஆனால் மெல்லிய எழுத்தை அந்தப் பின்னணியில் நான் விட்டிருக்கவே கூடாது.

அதற்குப் பிறகு, தமிழெழுத்தைக் கரும்பழுப்பில் வெளிறவிட வேண்டுமென்றால் பழுப்பைத் தனி மையாகக் கலந்து ஒரே அடியாக அடிக்கச் சொல்கிறேன். ஒற்றை மையில் இடம் மாறுவதற்கு இன்னொன்று கிடையாது. எழுத்தும் தடித்ததாக, புள்ளி பெரிதாக வெட்டியதாக இருக்க வேண்டும். தலைகீழாக வெள்ளைத் தாளில் கரும்பழுப்பு எழுத்து என்றால் இந்தக் கவலையே இல்லை. 448 அளவு இருண்ட பழுப்புக்கும் வெள்ளைக்கும் ஒளி வேறுபாடு ஏறக்குறைய பத்துக்கு ஒன்று. திரையில் படிக்கும் எழுத்துக்குக் குறைந்தது நாலரைக்கு ஒன்று வேண்டும் என்பது வழக்கத்தில் உள்ள அளவு. கறுப்பைவிட மென்மையாக, கண்ணைக் குத்தாமல் படிக்கலாம். நீண்ட கட்டுரைகளுக்கு நான் கறுப்பைக் கைவிட்டு வெகுநாளாகிறது. ஆனால் கறுப்புப் பின்னணியில் அதே பழுப்பு எழுத்தை வைத்தால் வேறுபாடு இரண்டுக்கு ஒன்றாகச் சுருங்கிவிடும், யாராலும் படிக்க முடியாது.

கடைப் பலகைக்கும் ஒரு வார்த்தை. மலிவான ஃபிளக்ஸில் அடித்த பழுப்பு இரண்டு வெயிலைத் தாங்காது. மஞ்சளும் இளஞ்சிவப்பும் முதலில் வெளுத்து, நீலமும் கறுப்பும் மிஞ்சி, பலகை ஈயம் பூசியதுபோல் ஆகிவிடும். இரும்பு ஆக்சைடு சேர்ந்த பெயின்டில் கையால் எழுதிய பலகை அப்படி வெளுக்காது. துரு ஏற்கெனவே துரு, வெயில் அதை இனி என்ன செய்யும்?

மெருகும் நிறத்தை மாற்றும். காய்ந்த மண்ணில் தண்ணீர் தெளித்தால் கறுக்கிறது அல்லவா, அதேதான். பளபளப்பான உறை போட்டால் பழுப்பு ஒரு படி ஆழமாகும், மட்டாக விட்டால் ஒரு படி வெளிறும். பகானில் செய்யும் அரக்குப் பெட்டிகளின் ஆழம் அந்த மெருகில்தான் இருக்கிறது. அரக்கு என்று நாம் சொன்னாலும் அது நம் ஊரின் பூச்சி அரக்கு இல்லை. 'திட்சி' என்ற மரப்பால், காற்றுப் பட்டுக் கறுப்பது. ஒவ்வொரு பூச்சையும் ஈரப்பதமான நிலவறையில் நாள்கணக்கில் உலரவைத்து, தேய்த்து, மறுபடி பூசுகிறார்கள். அந்தக் கறுப்பின்மேல் பொன்தாள் ஒட்டினால் அது பூச்சாகத் தெரியாது, உள்ளிருந்து வருவதுபோல் இருக்கும்.

பாட்டியின் வீட்டுக்கு இரண்டாவது மாதிரியோடு போனேன். பழுப்பை மாற்றவில்லை, அதன் மஞ்சள் சாய்வைக் கழித்துக் கொஞ்சம் சிவப்பைக் கூட்டியிருந்தேன். மெருகு வேண்டாம் என்று மட்டாக விட்டு, எழுத்தைத் தடித்த பொன்னில் அடித்திருந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்து, மோதிரவிரலால் அட்டையின் நாலு மூலையிலும் தொட்டு வைத்தார். சிவப்பு அட்டைகளில் அந்த மஞ்சள் வைத்த இடமே தெரியாமல் போய்விடும். இதில் நாலு பொட்டும் நாலு கன்னத்துத் தனாக்கா போல நின்றன. "இப்ப தெரியுது பார்" என்று சொல்லிவிட்டு, அட்டையைச் சாமி படத்துக்கு முன்னால் காயவைத்தார்.